களை என்று கற்றுக்கொடுத்த செடிகள்

பால்மரம் என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரம் இலை உதிர்த்து முடித்துப் புதுத்தளிர் விட்டதும் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. தைப்பூசம் கழிந்த பிறகு மரங்கள் மொட்டையாகும். மாசி முழுவதும் காலடியில் சருகு நொறுங்கும். சித்திரை பிறப்பதற்குள் கிளைகளில் செம்பு நிறத் தளிர் தொங்கும்; அது வெளிர்ப்பச்சையாக மாறும்போது கொத்துக் கொத்தாக மஞ்சள் பூ. இதழே இல்லாத, மிளகு அளவுள்ள பூ. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்களுக்குக் கோடையின் தொடக்கம் இதுதான். நாட்காட்டியைப் பார்க்க வேண்டியதில்லை, மண்சாலையில் மஞ்சள் தூவிக்கிடந்தால் போதும்.

அந்த வாரங்களில் விடிந்ததும் நடக்கப் போகிறேன். எங்கள் தாமானுக்கு, அதாவது குடியிருப்புக்கு, பின்னால் ஒரு செம்மண் சாலை தொடங்குகிறது. இடப்பக்கம் சிறுதோட்டக்காரர்களின் பழைய பால்மரங்கள், வலப்பக்கம் எண்ணெய்க்குப் பயிரிடும் செம்பனை, நடுவே ஒரு வாய்க்கால். சாலை போகப் போகக் குறுகி, கடைசியில் ஒற்றையடிப் பாதையாகிப் பெலுக்கார் எனப்படும் புதர்க்காட்டுக்குள் நுழைகிறது. அதற்கு அப்பால் லிந்தாங், லாசா பக்கத்து மலைக்காடு. தெமியார் பழங்குடி மக்களின் ஊர்கள் இருக்கும் அந்தக் காட்டுக்குள் நான் போவதில்லை. எனக்கு வேண்டிய பூக்களும் பூச்சிகளும் காட்டுக்கும் தோட்டத்துக்கும் இடைப்பட்ட அந்த ஓரத்திலேயே இருக்கின்றன.

பேராக்கில் பட்டாம்பூச்சி என்றால் எல்லோரும் கோப்பெங் பக்கம் உலு கெரோவுக்குப் போகச் சொல்வார்கள். ராஜா புரூக் பட்டாம்பூச்சி அங்கே ஈரமணலில் கூட்டமாக இறங்கும். கறுப்புச் சிறகில் பச்சை மின்னும் அந்தப் பேரழகைப் பார்க்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் முதலில் பார்க்க வேண்டியது தங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் பூத்த செடிகளை என்பது என் உறுதியான எண்ணம். நம் பெற்றோர் வாழ்நாள் முழுவதும் அவற்றோடுதான் இருந்தார்கள்; அவற்றை அழிப்பதற்குத்தான் கூலி வாங்கினார்கள்.

முதலில் பால்மரத்தையே சொல்கிறேன். 1877இல் சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர்க் கன்றுகளில் சில நடப்பட்ட கோலாகங்சார் எங்களுக்கு அடுத்த ஊர். அந்த நாளைய மரம் ஒன்று மாவட்ட அலுவலகத்தின் அருகே இன்றும் வேலிக்குள் நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப்போய் அதைக் காட்டாத ஆசிரியர் இந்த வட்டாரத்தில் இருக்க மாட்டார், நானும் காட்டியிருக்கிறேன். ஆனால் அந்த மரத்தின் இலைக்காம்பைப் பார்க்கச் சொன்னவர் யாரும் இல்லை. மூன்று சிற்றிலைகள் காம்போடு சேரும் இடத்தில் சின்னஞ்சிறு சுரப்பிகள் இருக்கும். தளிர் முற்றிவரும் வாரங்களில் அவற்றில் தேன் ஊறும். பூவில் அல்ல, இலைக்காம்பில். தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்துப் பார்த்தால் ஒவ்வொரு கணுவிலும் ஒரு பளபளப்பு, அதைச் சுற்றி எறும்புகள், மேலே தேனீக்கள். கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் பக்கத்தில் தேனீ வளர்ப்பவர்கள் இந்தச் சுரப்பை நம்பியே பெட்டி வைக்கிறார்கள். எங்கள் ஊரில் கெலுலுட் வளர்ப்பவர்கள் மரக்கட்டைகளைப் பால்மர நிழலில் வைத்திருக்கிறார்கள். கொட்டத் தெரியாத அந்தக் கொசுத்தேனீ, கட்டையின் மேல் மெழுகுக் குழாய் வைத்து வாசல் கட்டும். அந்த வாசலில் கண்ணை வைத்தாற்போல் நின்று பார்க்கலாம், ஒன்றும் செய்யாது.

பால் வெட்டிய தலைமுறைக்கு மரப்பட்டை தெரியும், சாய்வு தெரியும், மங்குக் கிண்ணத்தில் பால் எத்தனை மணிக்கு நிற்கும் என்று தெரியும். இலைக்காம்பில் தேன் ஊறுவதைப் பார்க்க அவர்களுக்கு நேரம் எங்கே இருந்தது? இருட்டில் பெரட்டு என்ற பெயர் கூப்பிடுதல், இருட்டிலேயே நிரைக்கு, அதாவது மர வரிசைக்கு, போக வேண்டும், வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடிக்க வேண்டும்.

வாய்க்காலைத் தாண்டினால் செண்டுடுக். மலேசியாவில் இந்தச் செடியை அறியாதவர் இல்லை. பழத்தைத் தின்று நாக்கைக் கறுப்பாக்கிக்கொண்டு வகுப்புக்கு வந்த பிள்ளைகளை நான் பலமுறை வாய் கொப்பளிக்க அனுப்பியிருக்கிறேன். பழத்தைத் தெரிந்த அளவுக்குப் பூவை யாரும் உற்றுப் பார்த்ததில்லை. ஊதா இதழ் ஐந்து. ஒரு பூவுக்கு ஆயுள் ஒரு பகல்தான். நடுவே கேசரங்கள் இரண்டு வகையாக நிற்கின்றன. ஒரு வகை குட்டையாகவும் மஞ்சளாகவும் பூவின் நடுவில் எடுப்பாகத் தெரியும். மற்றது நீளம், ஊதா நிறம், வளைந்து இதழோடு கலந்துவிடும். வண்டின் கண்ணுக்குப் படுவது மஞ்சள், அதன் உடம்பில் படுவது ஊதா. மஞ்சள் தீனிக்கு, ஊதா அடுத்த பூவுக்குப் போய்ச் சேர்வதற்கு.

இந்தப் பூவில் தேன் கிடையாது. கிடைப்பது மகரந்தம் மட்டும். அதுவும் சும்மா கிடைக்காது. மகரந்தப்பை பிளந்து கொட்டுவதில்லை, நுனியில் ஊசித்துளை மட்டும் இருக்கிறது. பெரிய கருவண்டு வரும்போது கவனியுங்கள். மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் அதே வண்டுதான், உண்மையில் அது ஒரு வகைத் தேனீ. பறந்து வரும்போது அடித்தொண்டையில் ஓர் ஓசை. பூவில் இறங்கிக் கேசரங்களைக் கட்டிப்பிடித்ததும் சிறகை மடக்கிவிடுகிறது, ஆனாலும் ஓசை நிற்பதில்லை, சட்டென்று சுருதி ஏறுகிறது. பறக்கும் தசைகளை மட்டும் அதிரவைத்து, அந்த அதிர்வில் மகரந்தத்தைத் துளைவழியே உதறுகிறது. உப்புச் சீசாவைக் கவிழ்த்து உலுக்குவதுபோல என்று என் பேத்திக்குச் சொன்னேன், உடனே புரிந்துகொண்டாள். பூ முழுவதும் நடுங்கும், வண்டின் வயிற்றில் மஞ்சள் தூள் படியும், ஓசை ஓரிரு நொடி, பிறகு அடுத்த பூ. நம் வீட்டுப் பக்கம் வரும் சாதாரணத் தேனீயால் இது முடியாது. அது பின்னால் வந்து இதழில் சிந்தியதைப் பொறுக்கும்.

இதை முதலில் காதால் கேட்டேன், பிறகுதான் கண்ணால் பார்த்தேன். காலை எட்டு மணிக்குச் செண்டுடுக் புதரின் அருகே பேசாமல் நின்றால் யாருக்கும் கேட்கும். வெயில் ஏறிய பிறகு போனால் அன்றைய மகரந்தம் தீர்ந்திருக்கும், வண்டும் இருக்காது.

இனி, செம்பனை நிரைகளின் ஓரத்தில் முழங்கால் உயரத்துக்குப் பரந்து கிடக்கும் செடி. தோட்டத்தில் இதை ரும்புட் இஸ்ரேல் என்பார்கள். பால்வெள்ளைப் பூ, கீழிதழில் மட்டும் ஊதாப் புள்ளிகள். காய் முற்றினால் வெயிலில் சடசடவென்று வெடித்து விதையைத் தூர எறியும். செம்பனைக்குப் போடும் உரத்தை இது தின்றுவிடுகிறது என்பதால் தோட்ட நிர்வாகங்களின் முதல் எதிரி. என் அம்மா பல ஆண்டுகள் இந்தச் செடியோடு போராடியே சம்பளம் வாங்கினார். முதலில் கையாலும் கத்தியாலும். பிறகு முதுகில் பம்பைச் சுமந்து மருந்தடித்து.

மருந்து என்று சொல்வது எங்கள் வழக்கம். அது நஞ்சு. பாரகுவாட் என்ற பெயர்கூட அம்மாவுக்கு அப்போது தெரியாது, நீல நிறத் தண்ணீர் என்றுதான் சொல்வார். கையுறை இல்லை, முகத்துக்குத் துண்டு மட்டும். பம்பு ஒழுகினால் முதுகில் வடியும். நகங்கள் நிறம் மாறி உதிர்ந்து மறுபடி முளைத்தன, மூக்கில் இரத்தம் வந்தது. அந்த நாளில் செம்பனைத் தோட்டங்களில் மருந்தடித்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். 2002இல் மலேசியாவில் தடை அறிவிப்பு வந்தது, 2006இல் தளர்ந்தது, கடைசியாக 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை. தடை வந்த செய்தியைத் தமிழ் நாளிதழில் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு முறை படிக்கச் சொன்னார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அம்மாவின் கோபம் எனக்கு வந்துவிட்டது, அது இன்னும் போகவில்லை.

அந்தச் செடியின் இலையைத்தான் ஒரு பட்டாம்பூச்சி தன் பிள்ளைகளுக்குத் தேர்ந்தெடுக்கிறது. ஆண் பூச்சி கறுப்பு, ஒவ்வொரு சிறகிலும் வெள்ளைப் பொட்டு, பொட்டைச் சுற்றி வெயில் பட்டால் மட்டும் தெரியும் ஊதாநீல ஒளிவட்டம். சாலையோரத்தில் ஒரு கிளை நுனியைத் தனக்கென்று பிடித்துவைத்துக்கொள்ளும். வேறு பூச்சி வந்தால் பாய்ந்து விரட்டிவிட்டு அதே நுனிக்குத் திரும்பும். பெண் பூச்சி தாழப் பறந்து, இலை இலையாகக் காலால் தொட்டுப் பார்த்து, தேர்ந்தெடுத்த இலையின் அடியில் முட்டை வைக்கும். புழு கறுப்பு, தலை செம்மஞ்சள், உடம்பெல்லாம் கிளைத்த முள். பார்த்தால் அரிக்குமோ என்று பயம் வரும், அரிக்காது. மருந்தடித்த ஓரத்தில் இந்தப் பூச்சியைக் காண முடியாது. கத்தியால் அறுத்துவிட்ட ஓரத்தில் செடி மறுபடி துளிர்த்ததும் திரும்பிவிடும். அறுப்பதும் மருந்தடிப்பதும் ஒன்றல்ல. பத்தடி இடைவெளியில் இரண்டையும் பார்த்துவிட்டேன், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அம்மா செய்த இன்னொரு வேலையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பூச்சியின் வேலை.

செம்பனை ஆப்பிரிக்க மரம். 1917இல் சிலாங்கூரில் தென்னமரம் தோட்டத்தில் வணிகப் பயிராக முதலில் நடப்பட்டது. மரம் வந்தது, அதன் பூவைத் தேடி வரும் பூச்சி வரவில்லை. ஆண் பூங்கொத்தும் பெண் பூங்கொத்தும் ஒரே மரத்தில் வெவ்வேறு காலத்தில் மலரும். இடையில் தூது போக ஆள் இல்லாததால் காய் சரியாகப் பிடிக்கவில்லை. ஆகவே மனிதர்களை அனுப்பினார்கள். மகரந்தத்தை முகப்பவுடர் மாவோடு கலந்து, ஊதுகுழல் வைத்த சீசாவில் நிரப்பி, மட்டைகளுக்கும் முட்களுக்கும் நடுவே கையை விட்டு, மலர்ந்த ஒவ்வொரு பெண் பூவிலும் ஊத வேண்டும். பெண் பூ ஏற்கும் நிலையில் இருப்பது இரண்டு மூன்று நாள்தான், அதனால் விட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப ஒரே நிரைக்குப் போக வேண்டும். அம்மா அந்த வேலையிலிருந்து வரும்போது முகமெல்லாம் வெள்ளைத் தூள், முன்கையெல்லாம் கீறல்.

1981இல் கேமரூனிலிருந்து ஒரு கூன்வண்டைக் கொண்டுவந்து ஜொகூரில் விட்டார்கள். செம்பனைக்கு மகரந்தம் கொண்டுபோவது அதுதான் என்று கண்டறிந்தவர் ரஹ்மான் சையது என்ற பாகிஸ்தானிய பூச்சியியலாளர். அரிசி மணியைவிடச் சிறிய, பழுப்புநிற வண்டு. சில ஆண்டுகளில் நாடு முழுவதும் பரவி, ஊதுகுழலுக்கு வேலை இல்லாமல் செய்துவிட்டது. இன்றைக்கும் ஒரு செம்பனையின் ஆண் பூங்கொத்து மலர்ந்திருந்தால் பத்தடி முன்பே மூக்குக்குத் தெரியும், சோம்பு வாசனை அடிக்கும். கிட்டே போனால் கொத்து முழுவதும் வண்டுகள் ஊரும் சலசலப்பு. அவை பிறப்பது, தின்பது, முட்டை வைப்பது எல்லாம் அங்கேதான். பெண் பூ மலரும்போது அதே வாசனையைக் கொஞ்சமாக விடுகிறது. ஆண் பூ என்று நினைத்து வண்டுகள் அங்கே வருகின்றன. தின்ன ஒன்றும் இல்லாமல் திரும்பிவிடுகின்றன, ஆனால் உடம்பில் ஒட்டியிருந்த மகரந்தம் அங்கே தங்கிவிடுகிறது. நாட்டுக்குக் கோடிக்கணக்கில் வருமானம் தரும் எண்ணெய் இந்தச் சின்ன ஏமாற்றத்தில்தான் தொடங்குகிறது.

போன மாதம் அம்மாவைச் சக்கர நாற்காலியில் சாலைமுனை வரை தள்ளிக்கொண்டு போனேன். ஓர் ஆண் பூங்கொத்திலிருந்து கதிர் ஒன்றை ஒடித்து அவர் கையில் வைத்தேன். முகர்ந்து பார்த்தார், வண்டுகள் விரலில் ஏறுவதைப் பார்த்தார். "இவ்வளவு சின்னதா அம்மா?" என்றார். பிறகு எத்தனை பேர் ஒரு நிரைக்குப் போவார்கள், யார் யார் கூட வந்தார்கள் என்று பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

தோட்டச் சாலையோரங்களில் இப்போது நிர்வாகமே நட்டு வளர்க்கும் பூச்செடிகளும் உண்டு. வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள், அடியில் கருநிறம். இன்னொரு வகை முழு மஞ்சள். டர்னேரா என்பது அதன் பெயர். காலையில் வெயில் பட்டதும் விரியும், நண்பகலுக்குள் சுருண்டுகொள்ளும். அழகுக்காக நட்டது என்றுதான் ஊரில் பலரும் நினைக்கிறார்கள். அது காவலுக்கு நட்டது. செம்பனை மட்டைகளில் இலைத்துண்டுகளால் பை தைத்துக்கொண்டு தொங்கும் ஒரு புழு உண்டு, உலாட் புங்குஸ் என்பார்கள். பெருகினால் மட்டைகள் காய்ந்து துடைப்பக்குச்சியாகிவிடும். அதன் பெண் பூச்சிக்குச் சிறகே முளைப்பதில்லை. பைக்குள்ளேயே வாழ்ந்து, பைக்குள்ளேயே முட்டை வைத்துச் சாகிறது. அந்தப் புழுவின் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் நுண்ணிய குளவிகள் இருக்கின்றன. குளவி வயிறு நிரப்பத் தேன் வேண்டும். டர்னேரா இலையின் அடிக்காம்பில் இரண்டு சின்னக் கிண்ணங்கள் இருக்கும், பூ மூடிய பிறகும் அவற்றில் தேன் ஊறும். கைலென்ஸ் வைத்துப் பாருங்கள், குளவியும் எறும்பும் வரிசையில் நிற்கும். அதே செடியில் நீண்ட கழுத்துள்ள ஒரு கொலைகாரப் பூச்சியும் அசையாமல் காத்திருக்கும். அகப்பட்ட புழுவில் தன் கூரிய வாயைச் செருகி உறிஞ்சிவிடும்.

ஆக, பூ இருந்தால் குளவி இருக்கும், குளவி இருந்தால் புழு அடங்கும் என்பது தோட்ட நிர்வாகங்களுக்கு நன்றாகவே தெரியும். காசு கொடுத்து டர்னேரா நடுகிறார்கள். அப்படியிருக்க, காசில்லாமல் தானே பூக்கும் ஓரங்களை ஏன் அடியோடு கருக்க வேண்டும்? மரத்தைச் சுற்றிய வட்டம் சுத்தமாக இருக்கட்டும், உதிர்ந்த பழம் பொறுக்க அது வேண்டும். வாய்க்கால் ஓரமும் சாலை ஓரமும் யாருடைய உரத்தைத் தின்னுகின்றன?

வாய்க்கால் ஓரத்தில் தேள்கொடுக்குச் செடி இருக்கிறது. கொடுக்காக வளைந்த பூங்கதிர், வெளிர் ஊதாப் பூ. யாராவது மிதித்து வாடிய செடியில்தான் கூட்டம் அதிகம். கறுப்புச் சிறகில் வெள்ளை வரிகள் ஓடும் பட்டாம்பூச்சிகள், அநேகமாக எல்லாமே ஆண்கள், வாடிய இலையைக் காலால் கீறிக் கசியும் சாற்றை உறிஞ்சும். அந்தச் சாற்றில் உள்ள நச்சுப்பொருளிலிருந்துதான் பெண்ணைக் கவரும் மணத்தை அவை தயாரிக்கின்றன. பறவைக்குக் கசப்பதும் அதனால்தான். மெய்ம்மறந்து குடிக்கும்போது முகத்தை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுபோனாலும் எழும்பாது. படம் எடுக்கத் தெரியாதவர்களும் நல்ல படம் எடுக்கலாம்.

வேலிக்கம்பியில் ஏறியிருக்கும் சிறுபூனைக்காலிக் கொடியையும் விடக் கூடாது. பூவையும் காயையும் சுற்றிப் பஞ்சு போர்த்தியிருக்கும். அந்த இழைகளில் பசை, பசையில் சின்னப் பூச்சிகள் ஒட்டிச் செத்திருக்கும். காய் மஞ்சளாகப் பழுத்தால் பிள்ளைகள் தின்பார்கள். அந்தக் கொடியில் செம்மஞ்சள் நிறத்தில், அவசரமே இல்லாமல் பறக்கும் ஒரு பட்டாம்பூச்சி இருக்கிறது. நான் சிறுமியாக இருந்தபோது அது இங்கே இல்லை. இந்தியாவையும் இலங்கையையும் சேர்ந்தது. தாய்லாந்து வழியாகத் தீபகற்பத்தில் இறங்கி, 2006இல் சிங்கப்பூரிலும் 2012இல் ஆஸ்திரேலியாவின் டார்வின் பக்கத்திலும் காணப்பட்டது. யாரும் கொண்டுவரவில்லை, தானே வந்தது. வழியெல்லாம் அதற்குச் சோறு போட்டது தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தக் கொடி. தொட்டால்சிணுங்கியும் உண்ணிச்செடியும்கூட அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்தவைதான். பால்மரம் பிரேசில், செம்பனை ஆப்பிரிக்கா, நாங்கள் தமிழ்நாடு. செண்டுடுக் இந்த மண்ணுக்கும் உரியது.

நடக்க வருகிறவர்களுக்கு ஒன்றிரண்டு சொல்லவேண்டும். ஏழரைக்கும் பத்துக்கும் இடையில் வாருங்கள், பிறகு வெயில் சுடும், பூவும் பாதி மூடிவிடும். முழங்கால் வரை மறைக்கும் உடுப்பு வேண்டும், பாம்பு உண்டு, செம்பனைக்குள் எலிக்காக நாகம் திரியும். மட்டை அடுக்கின் மேல் கால் வைக்காதீர்கள். தோட்டத்துக்குள் போவதானால் அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வீட்டை விட்டு வரமுடியாதவர்கள் கறிவேப்பிலை மரத்தைப் பாருங்கள், காக்கை எச்சம் ஒட்டியதுபோல் இலையில் கிடப்பது பட்டாம்பூச்சிப் புழு. அதை நசுக்காமல் விட்டால் போதும்.

இந்த ஆண்டு சித்திரையில் வாய்க்கால் ஓரத்துக்கு மருந்தடிக்க ஆள் வந்தபோது நான் அங்கே இருந்தேன். வங்காளதேச இளைஞர்கள் இருவர், முகக்கவசம் போட்டிருந்தார்கள், அதைப் பார்த்ததில் ஓர் ஆறுதல். வேலையை மேற்பார்க்கும் மந்தோரிடம் பேசினேன். என்னிடம் படித்த பையன் அவர். "டீச்சர், நிரைக்குள் நான் ஒன்றும் செய்ய முடியாது, ஆனால் சாலை ஓரத்துக்கு வேண்டுமானால் இயந்திரத்தால் அறுக்கச் சொல்கிறேன்" என்றார். ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் அறுக்க வேண்டாம் தம்பி, ஒரு பக்கம் பூத்து விதை விட்ட பிறகு மறுபக்கம் வையுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். பள்ளிக்கூடத்துப் பின்வேலியிலிருந்து சிறுபாலம் வரை அப்படியே நடக்கிறது. இடப்பக்கம் அறுத்தாயிற்று. வலப்பக்கத்துக்கு ஆடி வரை தவணை வாங்கியிருக்கிறேன். அதற்குள் வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளை அனுப்பிவைப்பதாகத் தலைமையாசிரியர் சொல்லியிருக்கிறார். கைலென்ஸ்களுக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.